கொழும்பு வானில் உதயமும் மறைவும்: மாணவர்களோடு நேரம் குறிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கொழும்பில் ஒரு தமிழ் மொழிமூலப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தரம் 7, 8 பிள்ளைகளோடு சேர்ந்து, சூரியனும் சந்திரனும் எப்போது உதிக்கின்றன, எப்போது மறைகின்றன என்று கண்ணால் பார்த்துக் கொப்பியில் குறித்து வருகிறோம். மற்றப் பாடசாலை ஆசிரியர்களும் பெற்றோரும் இதைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்தான் கீழே இருப்பவை. நேரங்கள் எல்லாம் கொழும்புக்கு உரியவை. வருடத்துக்கு வருடம் ஒரு நிமிடம் முன்பின் ஆகலாம்.

கொழும்பில் வருடம் முழுக்க ஆறு மணிக்கு விடிகிறது, ஆறரைக்கு இருட்டுகிறது. இதில் பார்க்க என்ன இருக்கிறது?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 6.9 பாகையில். ஜூன் 21இல் பகல் ஏறத்தாழ 12 மணித்தியாலம் 31 நிமிடம், டிசம்பர் 21இல் 11 மணித்தியாலம் 43 நிமிடம். ஆக நீண்ட பகலுக்கும் ஆகக் குறுகிய பகலுக்கும் இடையில் 48 நிமிடம்தான் வித்தியாசம். லண்டனில் இதே வித்தியாசம் எட்டரை மணித்தியாலத்துக்கு மேல்.

முதல் வருடம் நாங்கள் பெப்ரவரியில் சூரிய மறைவோடு தொடங்கினோம். பெப்ரவரி 11இல் 6.21. மார்ச் 20இலும் 6.21. ஏப்ரல் நடுவில் 6.19. மே 10இலும் 6.19. மூன்று மாதம் குறித்ததை வரைபுத்தாளில் போட்டால் அடிமட்டம் வைத்துக் கீறிய மாதிரி ஒரு நேர்கோடு! "சேர், சூரியன் நிண்ட இடத்திலயே நிக்குது" என்றான் ஒரு பையன். உண்மையில், அந்த மூன்று மாதமும் காலையில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. பெப்ரவரி 11இல் சூரியன் உதித்தது 6.28க்கு. மார்ச் 20இல் 6.15. ஏப்ரல் நடுவில் 6.02. மே 10இல் 5.55. மாலை அசையாமல் நிற்க, காலை மட்டும் முப்பத்துமூன்று நிமிடம் முன்னால் வந்துவிட்டது.

இதற்குக் காரணம் இரண்டு அசைவுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுவது. ஒன்று, பகல் நீளுவது. பகல் நீளும்போது உதயம் முந்தும், மறைவு பிந்தும். மற்றது, சூரியன் உச்சிக்கு வரும் நேரமே மணிக்கூட்டின்படி முன்னும் பின்னும் ஆடுவது. கொழும்பில் பெப்ரவரி நடுவில் உச்சி 12.25க்கு. மே நடுவில் 12.07க்கு. பகலின் நடுப்புள்ளியே பதினெட்டு நிமிடம் முன்னால் நகர்கிறது. காலையில் இரண்டு அசைவும் ஒரே பக்கம் இழுக்கின்றன. மாலையில் ஒன்று முன்னால் இழுக்க மற்றது பின்னால் இழுக்க, மறைவு நின்ற இடத்திலேயே நிற்கிறது. குளிர்நாடுகளில் பகல் நீளம் மணிக்கணக்கில் மாறுவதால் உச்சியின் இந்த ஆட்டம் அதற்குள் அமுங்கிப் போய்விடும். நம் ஊரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் வெறும் கண்ணுக்கே தெரிகிறது. மாற்றம் சிறிது என்பதற்காகக் கொழும்பை விட்டுவிடாதீர்கள். இதைப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல ஊர் கிடைப்பது அருமை.

அப்படியானால் ஆகக் குறுகிய பகலான டிசம்பர் 21இல்தான் சூரியன் ஆகப் பிந்தி உதிக்குமா?

இல்லை. பிள்ளைகளிடம் முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள், எல்லாரும் டிசம்பர் என்றுதான் சொல்வார்கள். டிசம்பர் 21இல் உதயம் 6.17, மறைவு 6.00. ஆனால் ஆகப் பிந்திய உதயம் ஜனவரிக் கடைசியில், ஏறக்குறைய 6.29க்கு. ஆக முந்திய மறைவு நவம்பர் நடுவில், 5.49க்கு. ஆக முந்திய உதயம் மே கடைசியில் 5.53. ஆகப் பிந்திய மறைவு ஜூலை முற்பாதியில் 6.31. நான்கு எல்லையில் ஒன்றுகூட ஜூன் 21இலோ டிசம்பர் 21இலோ விழவில்லை. எங்கள் வகுப்புச் சுவரில் இந்த நான்கு நாளையும் சிவப்பு மையால் வட்டமிட்டு ஒட்டியிருக்கிறோம்.

வருடத்தில் எப்போது தொடங்குவது நல்லது?

மறைவைப் பார்ப்பதென்றால் செப்டெம்பர். செப்டெம்பர் முதலாம் திகதி 6.18க்கு மறைவது ஒக்டோபர் நடுவில் 5.56க்கு வந்துவிடும். ஒரு நாளுக்கு அரை நிமிடம். வாரம் ஒரு நாள் பார்த்தாலே மூன்று நான்கு நிமிடம் குறைந்திருக்கும். பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப் போகும். பெப்ரவரியில் தொடங்கினால் உதயத்தைப் பாருங்கள்.

வானம் ஆகத் தெளிவாக இருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குக் கடலின்மேல் முகிலைக் கொண்டுவந்து அடுக்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு மழை. செப்டெம்பரில் தொடங்கினால் பாதி நாள் பார்க்க முடியாமல் போகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முகில் மறைத்த நாளில் "முகில்" என்று எழுத வேண்டும், அந்தக் கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது, ஊகித்து நிரப்பவும் கூடாது. எங்களுக்கு இருக்கும் கண்டிப்பான விதி இது ஒன்றுதான்.

எங்கே நின்று பார்ப்பது?

மறைவுக்குக் கொழும்பு கொடுத்துவைத்த ஊர். மேற்கே திறந்த கடல். காலிமுகத்திடலின் தெற்கு முனையில் நின்றால் துறைமுக நகரம் மறைக்காது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரையும் நல்லது. ஆனால் அங்கே கடற்கரைக்கும் வீதிக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. ஒரு வகுப்பையே கூட்டிப்போவதென்றால் காலிமுகத்திடல்தான் பாதுகாப்பு. ரயில் பாதையைக் கடக்கும் எந்த இடத்துக்கும் நான் பிள்ளைகளைக் கூட்டிப்போவதில்லை.

எங்கே மறைகிறது என்பதையும் குறியுங்கள். ஜூனில் நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய இருபத்துநான்கு பாகை வடக்கே தள்ளி விழும், டிசம்பரில் அதே அளவு தெற்கே. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் முட்டியின் அகலம் ஏறக்குறைய பத்துப் பாகை. இரண்டரை முட்டி வடக்கு, இரண்டரை முட்டி தெற்கு. பாகைமானி தேவையில்லை.

உதயம்தான் கஷ்டம். கிழக்கே எங்கும் கட்டடம். தொடர்மாடியின் மொட்டை மாடி, பேர வாவிக் கரை, தியவன்னா ஓயாப் பக்கம் என்று இடம் தேட வேண்டும். காலிமுகத்திடலில் நின்று கிழக்கே திரும்பினால் தாமரைக் கோபுரம் ஏறத்தாழ நேர் கிழக்கில் தெரியும். மார்ச், செப்டெம்பர் 20ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் அந்தப் பக்கத்தில் எழும்பும், ஜூனில் கோபுரத்துக்கு நன்றாக இடப்புறம், டிசம்பரில் வலப்புறம். உதித்த நேரம் சரியாகக் கிடைக்காவிட்டாலும் உதித்த திசை கிடைத்துவிடும்.

எந்தக் கணத்தை "மறைந்தது" என்று எழுதுவது?

தட்டின் மேல் விளிம்பு கடலுக்குள் போகும் கணத்தை. உதயமென்றால் மேல் விளிம்பு முதலில் எட்டிப்பார்க்கும் கணம். அட்டவணைகள் எல்லாம் இப்படித்தான் கணக்கிடப்படுகின்றன.

இங்கே ஒரு நல்ல வேலை இருக்கிறது. கீழ் விளிம்பு கடலைத் தொடும்போது ஒருவர் "தொட்டது" என்று கத்த வேண்டும், மேல் விளிம்பு மறையும்போது இன்னொருவர் "போச்சு" என்று கத்த வேண்டும். நடுவில் எத்தனை செக்கன்? சூரியத் தட்டு அரைப் பாகை அகலம், வானம் நான்கு நிமிடத்தில் ஒரு பாகை திரும்புகிறது. கணக்குப்படி இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் வர வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு 2 நிமிடம் 11 செக்கன் வந்தது. கணக்கும் கண்ணும் அவ்வளவு கிட்டே வந்தபோது கடற்கரையில் எழுந்த சத்தத்தில் பக்கத்தில் இஸ்ஸோ வடை விற்றுக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

நம் பக்கம் சூரியன் கிட்டத்தட்ட நெட்டாக இறங்குவதால்தான் இவ்வளவு சுருக்காக மறைகிறது. அந்தி வெளிச்சம் போவதும் அப்படியே. மறைந்து இருபது நிமிடம் கழிந்தால் கொப்பியில் எழுதியதை வாசிக்க டோர்ச் வேண்டும்.

நாங்கள் குறித்த நேரம் போனில் காட்டும் நேரத்தோடு ஒத்துவரவில்லை. பிள்ளைகள் சோர்ந்துபோகிறார்கள்.

சோர வேண்டாம் என்று சொல்லுங்கள். பாடம் இங்கேதான் தொடங்குகிறது. எங்கள் ஒழுங்கு இது: முதலில் கண்ணால் பார்த்து எழுத வேண்டும், அதன் பிறகே போனைத் திறக்கலாம். வித்தியாசத்தைப் பக்கத்துக் கட்டத்தில் போட்டு, ஏன் வந்தது என்று பேச வேண்டும். போன் நேரத்தை முதலில் பார்த்துவிட்டால் பிள்ளையின் கண் அந்த நிமிடத்துக்காகக் காத்திருக்கும். பார்த்ததை எழுதாது, படித்ததை எழுதும்.

வித்தியாசத்துக்குக் காரணங்கள் பல. கைக்கடிகாரம் பிழையாக ஓடியிருக்கலாம். கடல்விளிம்பில் மெல்லிய முகில் கோடு இருந்திருக்கலாம். கொழும்பில் இது அடிக்கடி நடக்கும்: சூரியன் கடலுக்குள் போகாமல் அதற்கு மேலேயே கரைந்துபோகும், நேரம் இரண்டு மூன்று நிமிடம் முந்தும். நின்ற உயரமும் ஒரு காரணம். கடற்கரை மணலில் நிற்பவரைவிடப் பத்தாம் மாடியில், சுமார் முப்பது மீற்றர் உயரத்தில் நிற்பவருக்குச் சூரியன் ஏறக்குறைய முப்பது செக்கன் பிந்தி மறையும், ஏனென்றால் அவருடைய கடல்விளிம்பு இன்னும் தூரத்தில் இருக்கிறது. கடலோரத் தொடர்மாடியில் வசிக்கும் மாணவர் ஒருவர் இருந்தால் அவரை மேலே நிறுத்தி, போனில் பேசிக்கொண்டே இரண்டு பேரும் நேரம் குறிக்கலாம். பூமி உருண்டை என்பதை முப்பது செக்கனில் காட்டிவிடலாம்.

இன்னொன்று. தட்டின் கீழ் விளிம்பு கடலைத் தொடுவதாக நாம் பார்க்கும் நேரத்தில் சூரியன் உண்மையில் விளிம்புக்குக் கீழே போய்விட்டது. வளிமண்டலம் ஒளியை வளைப்பதால், விளிம்பருகே இருக்கும் பொருள் அரைப் பாகைக்குச் சற்று அதிகமாக மேலே தூக்கித் தெரிகிறது. அட்டவணைகள் இந்த ஒளிமுறிவுக்கு ஒரு சராசரி அளவை எடுத்துக்கொள்கின்றன. அன்றைய வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறுத்து அது மாறும். ஆகவே சில செக்கன் வித்தியாசத்துக்கு யாரும் பிழையில்லை.

சூரியன் ஏன் சரியாகப் 12 மணிக்கு உச்சிக்கு வருவதில்லை?

நம் மணிக்கூடு கொழும்பின் நேரத்தைக் காட்டவில்லை. இலங்கை நேரம் கிறீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது, அதற்குரிய நெட்டாங்கு கிழக்கே 82.5 பாகை. கொழும்பு இருப்பது 79.9 பாகையளவில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் நாம் பத்தரை நிமிடம் பிந்தியவர்கள். ஆகவே சராசரியாக 12.10க்குத்தான் உச்சி. அதற்கு மேல், முதலில் சொன்ன ஆட்டம். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமில்லை, ஜனவரித் தொடக்கத்தில் வேகமாகவும் ஜூலையில் மெதுவாகவும் ஓடுகிறது. அச்சும் 23.4 பாகை சரிந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து உச்சியை நவம்பர்த் தொடக்கத்தில் 11.54க்கும் பெப்ரவரி நடுவில் 12.25க்கும் கொண்டுபோகின்றன.

பாடசாலை முற்றத்தில் ஒரு கம்பை நெட்டாக நட்டு, நிழல் ஆகக் குறுகும் நேரத்தைப் பார்த்தால் இது அப்படியே கிடைக்கும்.

வீட்டில் பழைய டயறி, கலண்டர் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். 1906இல் இந்த ஐந்தரை மணித்தியாலக் கணக்கு இலங்கைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மணிக்கூட்டை முன்னால் தள்ளிவைத்தார்கள். 1996 மே மாதத்தில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஒரு மணித்தியாலம் தள்ளினார்கள், அதே வருடம் ஒக்டோபரில் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தார்கள், 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பினோம். அதனால் 2000ஆம் ஆண்டுக் கலண்டரில் உதய நேரம் அரை மணித்தியாலம் பிந்தியிருக்கும். சூரியன் ஒன்றும் செய்யவில்லை, மாறியது நம் கடிகாரம். அந்தக் காலத்தில் பாடசாலை போன அம்மா அப்பாமாரிடம் கேட்டால் இருட்டில் எழும்பிப் போன கதை வரும்.

நிழலே விழாத நாள் என்று ஒன்று கொழும்பில் இருக்கிறதா?

வருடத்தில் இரண்டு முறை. ஏப்ரல் 7 அளவில் 12.12க்கு, செப்டெம்பர் 5 அளவில் 12.09க்குச் சூரியன் நேர் தலைக்கு மேல். நெட்டாக நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. தண்ணீர்ப் போத்தலின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒளிந்துவிடும். ஏப்ரலில் வருடப்பிறப்பு விடுமுறை வந்துவிடும், ஆகவே செப்டெம்பரை விடாதீர்கள்.

சந்திரன் ஒவ்வொரு நாளும் எவ்வளவு பிந்தி உதிக்கும்? ஏன்?

சராசரியாக 50 நிமிடம். இதை நம் பஞ்சாங்கக் கணக்கில் சொன்னால் பிள்ளைகளுக்கு இன்னும் இலகுவாக ஏறுகிறது.

ஒரு திதி என்பது சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகும் காலம், ஏறக்குறைய ஒரு நாள். வானம் 12 பாகை திரும்ப எவ்வளவு நேரம்? பாகைக்கு நான்கு நிமிடம், ஆக 48 நிமிடம். ஒரு நாழிகை 24 நிமிடம். அதாவது சரியாக இரண்டு நாழிகை. திதிக்கு இரண்டு நாழிகை பிந்துகிறது சந்திரன். அந்த 48 நிமிடத்துக்குள்ளும் சந்திரன் இன்னும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால் 50 ஆகிறது. இதை நான் கரும்பலகையில் எழுதியபோது ஒரு பிள்ளை "அப்ப அப்பப்பாட பஞ்சாங்கத்தில சந்திரன் எழும்புற நேரமும் இருக்கா சேர்?" என்று கேட்டாள். திதி இருந்தால் போதும், நேரத்தை நீயே போட்டுவிடலாம் என்றேன். அன்று வளர்பிறைச் சப்தமி. ஏழு திதியை இரண்டால் பெருக்கினால் பதினான்கு நாழிகை, அதாவது ஐந்து மணித்தியாலம் 36 நிமிடம். சூரியன் உதித்து அவ்வளவு நேரம் கழித்து, நண்பகலை ஒட்டிச் சந்திரன் உதித்திருக்க வேண்டும். பாடசாலை விட்டதும் வெளியே வந்து பார்த்தோம். வெள்ளைத் துண்டாகக் கிழக்கே நின்றது.

ஐம்பது என்பது சராசரிதான். சந்திரனின் பாதையும் நீள்வட்டம் என்பதால் சில நாள் நாற்பதைச் சற்றுத் தாண்டும், சில நாள் அறுபதுக்கு அருகே போகும்.

அட்டவணையில் சில நாள் சந்திர உதயம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு இருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழையில்லை. ஓர் உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் இடையில் ஏறக்குறைய 24 மணித்தியாலம் 50 நிமிடம். தேய்பிறை அட்டமியை ஒட்டி உதயம் நள்ளிரவை நெருங்கும். ஒரு நாள் இரவு 11.40க்கு உதித்தால் அடுத்தது மறுநாள் தாண்டி, அதற்கும் அடுத்த நாள் அதிகாலை 12.30க்கு. நடுவில் உள்ள திகதிக்கு உதயமே இல்லை. வளர்பிறை அட்டமியை ஒட்டி மறைவு இப்படி ஒரு நாள் விடுபடும்.

இரவு நேரத்தில் பிள்ளைகளை எப்படி விழித்திருக்கச் செய்வது?

தேவையே இல்லை. அமாவாசை கழிந்த முதல் வாரம் சந்திரன் மறைவதைப் பாருங்கள். மூன்றாம் பிறை இரவு எட்டு மணியளவில் கடலுக்குள் இறங்கும். பூரணையை ஒட்டிய இரண்டு மூன்று நாள் உதயத்தைப் பாருங்கள், மாலை ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் முடிந்துவிடும். பூரணை கழிந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் பாடசாலை வரும் வழியில் மேற்கே பார்க்கச் சொல்லுங்கள். காலி வீதியில் பஸ்ஸில் வரும்போது, கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கணம் நிலா தெரியும். காலை ஏழு மணிக்கு, வெயிலில்! நிலா இரவுக்கு மட்டும் உரியது என்று நம்பும் பிள்ளைகள் தரம் 8இலும் இருக்கிறார்கள்.

போயா நாளில் (பூரணை விடுமுறை) நிலா முழு வட்டமாக இல்லாத மாதிரி இருக்கிறதே?

பூரணை என்பது ஒரு கணம். சூரியனுக்கு நேர் எதிரே சந்திரன் வரும் அந்தக் கணம் காலை ஏழு மணிக்கு விழுந்தால், முதல் நாள் இரவு நிலாவும் அன்றிரவு நிலாவும் அதிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் இருக்கும். வட்டத்தைப் பார்த்து முடிவுசெய்வது கஷ்டம், உதய நேரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பூரணைக்கு முன் சந்திரன் சூரியன் மறையுமுன் உதிக்கும், பூரணை கழிந்தால் மறைந்தபின் உதிக்கும். கார்த்திகை விளக்கீட்டு நாளில் வாசலில் விளக்கு ஏற்றிவிட்டு நிமிர்ந்தால் கிழக்கே நிலா நிற்பது இதனால்தான். அன்று நிலாவுக்குப் பக்கத்தில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தையும் தேடச் சொல்லுங்கள்.

1966இலிருந்து சில வருடங்கள் இலங்கையில் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, போயா நாட்களையே வார விடுமுறையாக வைத்திருந்தார்கள். அமாவாசை, பூரணை, இரண்டு அட்டமிகள். சந்திரனின் மாதம் ஏழால் சரியாகப் பிரிபடாது, 29.53 நாள் என்பதால் வாரம் சில வேளை எட்டு நாளாகும். தாத்தா பாட்டிமாரிடம் கேட்டு எழுதிவரச் சொன்னேன். அந்த ஒரு வீட்டுவேலைக்கு மட்டும் எல்லாப் பிள்ளைகளும் இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுதினார்கள்.

பாடப்புத்தகப் படத்தில் பிறை நிமிர்ந்து நிற்கிறது. இங்கே படுத்துக் கிடக்கிறதே?

நம் பிறைதான் நமக்குச் சரி. நிமிர்ந்த பிறை, நிலநடுக்கோட்டிலிருந்து தூரத்தில் உள்ள நாடுகளில் வரைந்த படம். கொழும்பில் சூரியன் நெட்டாக இறங்குகிறது, சந்திரனும் அதன் பின்னால் நெட்டாக இறங்குகிறது. ஒளி கீழிருந்து படுவதால் அடிப்பக்கம் வெளிச்சமாகி, பிறை தோணி போலக் கிடக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை தோணி நன்றாகச் சமமாக இருக்கும், செப்டெம்பரில் ஒரு பக்கம் சாயும். ஒவ்வொரு மாதமும் மூன்றாம் பிறையை வரையச் சொல்லுங்கள். புத்தகத்தைப் பார்க்காமல், வானத்தைப் பார்த்து.

எங்கள் வகுப்பு முஸ்லிம் பிள்ளைகளுக்கு இதில் பழக்கம் அதிகம். நோன்புப் பிறை பார்ப்பதும், கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிப்பு வரும்வரை வீட்டில் எல்லாரும் காத்திருப்பதும் அவர்களுக்குத் தெரியும். பிறை எங்கே, எவ்வளவு நேரம் தெரியும் என்று மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

உதிக்கும்போது நிலா ஏன் பெரிதாகத் தெரிகிறது?

கண்ணுக்கு அப்படித் தோன்றுகிறது, அளவு மாறவில்லை. தாளில் துளையிடும் கருவியால் ஒரு துளை போட்டு, கையை முழுதாக நீட்டித் துளைக்குள் நிலாவைப் பிடியுங்கள். உதிக்கும்போதும் அதே துளைக்குள் அடங்கும், உச்சியிலும் அடங்கும்.

கலண்டரில் உள்ள இராகு காலத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பகலை எட்டாகப் பிரிப்பதுதான் அடிப்படை. கலண்டரில் ஆறுக்கு உதயம், ஆறுக்கு மறைவு என்று வைத்து ஒன்றரை மணித்தியாலமாகப் பிரித்திருப்பார்கள். பிள்ளைகள் குறித்த உண்மையான நேரத்தை வைத்துப் பிரித்தால் பெப்ரவரி நடுவில் வெள்ளிக்கிழமையின் நான்காம் பங்கு 10.30க்குப் பதிலாக 10.55க்குத் தொடங்கும். வகுத்தல் கணக்குக்கு இதைவிட வீட்டோடு ஒட்டிய பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை.

கண்ணுக்கு ஆபத்து இல்லையா?

உண்டு, கவனம் தேவை. சூரியன் மங்கிச் சிவந்து, கண் கூசாமல் இருக்கும் கடைசி நிமிடங்களில் மட்டும், அதுவும் தொடர்ந்து உற்றுப் பார்க்காமல் பார்க்க வேண்டும். கூசினால் உடனே பார்வையைத் திருப்ப வேண்டும். இருகண் தொலைநோக்கி, கமராவின் கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. கறுப்புக் கண்ணாடி பாதுகாப்பு அல்ல. நண்பகல் வேலை எல்லாம் நிழலை மட்டும் பார்த்து.

வேறு ஊர்ப் பாடசாலையோடு சேர்ந்து செய்யலாமா?

கட்டாயம் செய்யுங்கள். மட்டக்களப்பில் சூரியன் நம்மைவிட ஏழு நிமிடத்துக்கு மேல் முந்தி உதிக்கிறது, அதே அளவு முந்தி மறைகிறது. நெட்டாங்கின் விளையாட்டு அது. யாழ்ப்பாணம் வேறு மாதிரி. நெட்டாங்கு கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் வடக்கே இருப்பதால் ஜூனில் அங்கே காலையில் ஐந்தாறு நிமிடம் முந்தி உதித்து, மாலையில் நான்கு நிமிடம் பிந்தி மறையும். டிசம்பரில் தலைகீழ்: நான்கு நிமிடம் பிந்தி உதிக்கும், ஐந்தாறு நிமிடம் முந்தி மறையும். மூன்று ஊரிலும் மாமா, மச்சாள் என்று யாராவது இருப்பார்கள். ஒரு போன் அழைப்புப் போதும்.

மாலையில் பிள்ளையை வெளியே விட வீட்டில் பயப்படுகிறார்கள். வீட்டிலிருந்தே செய்யலாமா?

செய்யலாம். ஒரு யன்னல் போதும். கடல்விளிம்பு இல்லாவிட்டால் எந்தக் கூரை, எந்தச் சுவர் என்று குறித்து, அதற்கு மேலே தெரியும் நேரத்தை எழுதினால் சரி. நாள்தோறும் அதே இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டடம் மறைப்பதையும் கணக்காக்கலாம். ஒருமுறை பூரணைக்கு மறுநாள் வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மாடியில் கூடியிருந்தோம். அட்டவணை 6.55 என்றது. சந்திரன் தொடர்மாடிகளுக்கு மேலால் வந்தது 7.25க்கு. அரை மணித்தியாலத்தில் அது ஏழு பாகைக்கு மேல் ஏறியிருக்கும். கட்டடம் எங்களிடமிருந்து சுமார் 250 மீற்றர் தூரம். இரண்டையும் வைத்துக் கீறிப் பார்த்தால், நாங்கள் நின்ற மட்டத்துக்கு மேல் அதன் உயரம் முப்பது மீற்றரைத் தாண்டியது. மறுநாள் போய் மாடிகளை எண்ணினார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு மாணவி அந்த மாதம் முழுக்க வீட்டுக் குசினி யன்னலில் நின்றே எழுதினாள். அவளுக்குத் தெரிவது ஒரு தண்ணீர்த் தாங்கியும் தூரத்தில் சாந்த லூசியா பேராலயத்தின் குவிமாடமும். முதல் நாள், "தாங்கிக்கு வலப்பக்கம், 7.41." அடுத்த நாள், "தாங்கிக்கு இன்னும் வலப்பக்கம், 8.32. அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தா. அவவும் பார்த்தா." மூன்றாம் நாள், "முகில்."